பாய்லர்காரரின் கடி

அந்த மெஷின் வந்த நாளிலிருந்து டாக்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. அதுவரைக்கும் அவர் ஊரில் எத்தனையோ பேரில் ஒரு பல் டாக்டர். சொத்தையை அடைப்பார், வேரைச் சுத்தம் பண்ணுவார், கேப் மாட்டுவார், ஆட்டம் கண்டதைப் பிடுங்குவார். அதற்கப்புறம் கேட்கவே வேண்டாம், விஞ்ஞானியாகிவிட்டார். சட்டைப்பையில் இரண்டு பேனா. பேச்சில் மூன்று வாக்கியத்துக்கு ஒரு தடவை "டேட்டா". பல் கூசுகிறது என்று வந்து நிற்கிற ஆளிடம், "கூசுதுன்னு நீங்க சொல்றீங்க, அதை மெஷின் சொல்லட்டும்" என்பார். வந்தவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மெஷின் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும்.

மெஷினைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அது பாட்டுக்கு அதன் வேலையைச் செய்தது. மெல்லிய பிளாஸ்டிக் பட்டை ஒன்று, குதிரை லாடம் போல வளைந்திருக்கும். அதைக் கைப்பிடியில் செருகி, கைப்பிடியின் வயரைக் கணினியில் மாட்டி, பட்டையை வாய்க்குள் வைத்துக் கடிக்கச் சொன்னால், எந்தப் பல் எங்கே படுகிறது, எவ்வளவு அழுத்திப் படுகிறது என்பதெல்லாம் திரையில் தூண் தூணாக எழும்பும். லேசாகப் பட்டால் குட்டையாக நீலத் தூண். அளவாகப் பட்டால் பச்சை. முட்டி இடித்தால் சிவப்பு, நெட்டுக்குத்தாக. அடியில் இரண்டு எண்கள், இடது பக்கம் நூற்றில் இவ்வளவு, வலது பக்கம் இவ்வளவு என்று. ஐம்பதும் ஐம்பதும் வந்துவிட்டால் டாக்டர் முகத்தைப் பார்க்க வேண்டும், ஏதோ அவரே பெற்றெடுத்த மாதிரி பூரித்துப்போவார்.

அவர் மனைவி அவருக்கு மனசுக்குள் 'சரிபாதி' என்று பெயர் வைத்திருந்தாள். வாய்விட்டுச் சொன்னதில்லை. வருகிறவர்கள் எல்லாரும் அவளை 'டாக்டரம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் படித்ததென்னவோ பி.காம். கிளினிக் கதவைத் திறப்பது அவள், கருவிகளை வேகவைத்து எடுப்பது அவள், சீட்டெழுதுவது அவள், பட்டையைக் கைப்பிடியில் செருகிக் கணினியைத் தட்டுவதும் அவள். அதற்கு முன்னால் மூன்று பேருக்குச் சமைத்து வைத்துவிட்டு வர வேண்டும். வீட்டில் சரிபாதிக் கணக்கெல்லாம் செல்லாது. அங்கே டாக்டருடைய பங்கு கத்துவது. அதில் மட்டும் யாரையும் பங்குக்குச் சேர்க்கமாட்டார்.

மூன்றாவது ஆள் அவளுடைய அப்பா. சாயப்பட்டறையில் காலமெல்லாம் பாய்லர் பார்த்தவர். ஓய்வு பெற்று, மனைவியும் போய்ச்சேர்ந்த பிறகு மகளோடு வந்து இருக்கிறார். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனிதர். அவருக்கு ஒரே ஒரு பழக்கம், எதிலாவது ஒரு முள் ஆடினால் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். பாய்லரின் அழுத்தமானியில் முள் பச்சைக்குள் நிற்க வேண்டும், சிவப்பைத் தொட்டால் கை தானாக வால்வுக்குப் போய்விட வேண்டும். அப்படியே இருந்து பழகிவிட்டார். மருமகன் காரில் ஏறினால்கூட ரோட்டைப் பார்க்கமாட்டார். பின்சீட்டிலிருந்து கழுத்தை நீட்டி வேகமானியைத்தான் பார்ப்பார். "மாப்பிள்ளை, முள்ளு கொஞ்சம் ஏறுது" என்பார். மாப்பிள்ளைக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த அப்பாவுக்கு மேல் வரிசையில், வலது கடைவாய்ப்பல் ஒன்று பழுதாகி, வேரைச் சுத்தம் செய்து பீங்கான் கேப் போட்டார் டாக்டர். சில வாரத்தில் கேப் ஓரத்தில் விண்டு வந்துவிட்டது. கேப் செய்துகொடுத்த லேப்காரரை டாக்டர் போனில் கூப்பிட்டுக் கிழி கிழியென்று கிழித்தார். மண்ணைக் குழைத்துச் சுட்டு அனுப்பறியா என்று கேட்டார். அந்த மனிதர் பாவம், மறு பேச்சில்லாமல் இன்னொன்று செய்து அனுப்பினார். அது வந்து சேர்வதற்குள் மெஷினும் வந்துவிட்டது.

"மாமா, இந்தத் தடவை உங்க கேப் உடையவே உடையாது. கணக்குப் பண்ணி மாட்டறேன்" என்றார் டாக்டர்.

நாற்காலிக்கு முன்னால் நீட்டி மடக்குகிற கையில் திரை தொங்கியது. அதை நோயாளியின் மூக்குக்கு நேராகக் கொண்டுவந்து வைப்பதில் டாக்டருக்கு ஒரு தனி சந்தோஷம். தன் வாயைத் தானே பார்க்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்பார். புதுக் கேப்பை ஒட்டினார். அவள் பட்டையைச் செருகிக் கொடுத்தாள். "கடிங்க மாமா."

பாய்லர்காரர் கடித்தார். வலது பக்கம் புதுக் கேப் இருக்கும் இடத்தில் சிவப்புத் தூண் ஒன்று விருட்டென்று கிளம்பி நின்றது. இடது பக்கம் பெயருக்குக் கொஞ்சம் நீலம்.

"என்ன இழவு இது? பட்டையை ஒழுங்கா செருகினியா இல்லையா?" என்று டாக்டர் பெண்டாட்டி மேல் பாய்ந்தார். "ஒரு வேலை! ஒரே ஒரு வேலை! அதுவும் உருப்படியா வராதா உனக்கு?"

வெளியே உட்கார்ந்திருந்த இரண்டு பேர் கண்ணாடிக் கதவு வழியாகத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு பட்டையைக் கழற்றித் திரும்பச் செருகினாள். பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது எப்படி என்று அந்தக் கிளினிக்கில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. பாய்லர்காரர் வாயைத் திறந்தபடி மகளைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார், அப்புறம் திரையைப் பார்த்தார்.

இரண்டாவது கடியில் சிவப்பு பாதியாக இறங்கியது. மூன்றாவதில் எல்லாமே பச்சை. இடது பக்கம் மட்டும் ஒரு பிடி கூடுதல்.

"பார்த்தியா!" டாக்டர் சிரித்தார். "முதல் கடி எப்பவும் பொய். ஆளு பயத்துல கடிப்பான். மூணாவது கடிதான் நிஜம். இதை நான் ஒரு விதியாவே எழுதப்போறேன். மாமா, வலது பக்கம் அற்புதம். இடது பக்கம்தான் கொஞ்சம் ஓங்கி நிக்குது, அதைத் தட்டி விட்டுடலாம்."

"அந்தப் பக்கம் எனக்கு ஒண்ணும் இல்லையே மாப்பிள்ளை. சொந்தப் பல்லு."

"வாய்தான் மாமா உங்களுது. கணக்கு மெஷினோடது."

இப்படிச் சொல்லிவிட்டு, ஒரு குறையும் இல்லாத இடது பற்களின் தலையை டிரில்லால் ராவினார். புகை மாதிரி வெள்ளைத் தூள் பறந்தது. மறுபடியும் கடிக்கச் சொன்னார், ஐம்பதுக்கு ஐம்பது வந்தது. அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டு வரவேற்பறைச் சுவரில் மாட்டினார். கல்யாணப் போட்டோ இருந்த இடம் அது.

அந்தக் கேப்பும் உடைந்தது. ஒரு நாள் காலையில் பாய்லர்காரர் பாலில் ஊறிய ரொட்டியை மென்றுகொண்டிருந்தபோது 'நறுக்'கென்று சத்தம். துண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஏதோ திருடிவிட்ட ஆள் மாதிரி மருமகன் முன்னால் போய் நின்றார்.

"எதைக் கடிச்சீங்க?"

"ரொட்டி மாப்பிள்ளை. நனைச்ச ரொட்டி."

"எலும்பா, கொட்டையா, பாட்டில் மூடியா? உண்மையைச் சொல்லுங்க மாமா. வலது பக்கம் அளவுக்கு மேல சுமையே இல்லைன்னு மெஷின் சொல்லுது. அளவாப் படற பல்லு எப்படி உடையும்? சும்மா இருந்த பீங்கான் தற்கொலை பண்ணிக்குமா?"

"எங்கப்பா பொய் சொல்றவர் இல்லைங்க" என்றாள் அவள்.

"அப்போ மெஷின் பொய் சொல்லுதா?"

இதற்கு மேல் அந்த வீட்டில் வழக்கே கிடையாது. மறுபடி கேப், மறுபடி பட்டை. மறுபடி மூன்றாவது கடியில் இடது பக்கம் ஓங்கி நின்றது. மறுபடியும் இடது பக்கத்துக்கே டிரில். பாய்லர்காரருக்கு இடது பக்கம் பச்சைத் தண்ணீர் பட்டால் உயிர் போய் வந்தது. வலது பக்கம் எது பட்டாலும் வலி. பிஸ்கட்டை டீயில் கரைத்துக் குடித்துவிட்டு, சாப்பிட்டாச்சு சாப்பிட்டாச்சு என்பார். சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக ஆடியது. ஆப்பிளைத் துண்டு போட்டு வைத்தால், "வேலையிருக்கு பாப்பா, அப்புறம் சாப்பிடறேன்" என்று எழுந்து போய்விடுவார். ஓய்வு பெற்ற ஆளுக்கு அப்படி என்ன வேலையோ. 

இந்த லட்சணத்தில் டாக்டர் ஒரு நாள் குதித்துக்கொண்டு வந்தார். பல் டாக்டர்கள் சங்கக் கூட்டத்தில் அவருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்களாம். மேடையில் நேரடிச் செயல்விளக்கம். நோயாளியை நாற்காலியில் உட்காரவைத்து, அளந்து, எல்லார் கண் முன்னாலும் ராவி, ஐம்பதுக்கு ஐம்பது கொண்டுவந்து காட்டப்போகிறார்.

"நம்ம சங்கத் தலைவர் இருக்காரே, அந்தப் பெருசு இன்னும் நீலத் தாளைக் கடிக்கச் சொல்லி, பல்லுல மை எங்கே ஒட்டுதுன்னு பார்த்துக்கிட்டு இருக்கு. வாயைப் பொளந்துக்கிட்டுப் பார்க்கப்போகுது" என்றார்.

"யாரை உட்காரவைக்கப் போறீங்க?"

"வேற யாரை? மாமாவைத்தான். அவர் கேஸ்தான் எனக்கு அத்துப்படி. இடது கீழ் வரிசையில இன்னும் கொஞ்சம் எடுத்துட்டா முடிஞ்சுது."

அவள் அவரையே பார்த்தாள். இன்னும் கொஞ்சமா? எடுக்க அங்கே என்ன மிச்சம் இருக்கிறது? பல் என்ன நகமா, வெட்டினால் வளர்வதற்கு? இதற்கு மேல் ராவினால் நரம்பைத் தொட்டுவிடும் என்று தெரிந்துகொள்ள பல் டாக்டராக இருக்க வேண்டியதில்லை. தண்ணீர் குடிக்கும்போது அப்பாவின் முகத்தைப் பார்த்தாலே போதும்.

கூட்டத்துக்கு முந்திய வாரம் ஒத்திகை. பட்டையை அப்பா வாயில் வைத்த நேரம் பார்த்து டாக்டருக்குப் போன் வந்தது, பேசிக்கொண்டே வெளியே போய்விட்டார். திரையில் வெளிச்சம் அடித்ததால் அவள் அதைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "கடிங்கப்பா" என்றாள். கடித்தார். வலது பக்கம் சிவப்புத் தூண் முதல் நாள் கிளம்பினதைவிட உயரமாகக் கிளம்பியது. இன்னொரு தடவை கடிக்கச் சொன்னாள். அதே சிவப்பு. மூன்றாவது தடவையும் அதே சிவப்பு. மூணாவது கடிதான் நிஜம் என்ற விதி என்ன ஆயிற்று என்று அவள் நிமிர்ந்து பார்த்தபோது, அப்பா நாற்காலியில் கழுத்தை நீட்டித் திரையை எட்டிப் பார்க்க முயன்றுகொண்டிருந்தார். அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். அவர் கண் அதில் போய் நின்றது. கீழ்த்தாடை ஓசைப்படாமல் இடது பக்கமாக ஒரு நூல் நகர்ந்தது. சிவப்பு மளமளவென்று இறங்கியது. இடது பக்கம் பச்சை ஏறியது.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அட, முட்டாள்தனமே! இத்தனை நாள் இந்த மனிதர் அளந்தது அப்பாவின் கடியை இல்லை. அப்பா பார்த்துப் பார்த்துச் சரிபண்ணிக்கொடுத்த கடியை. அது இடது பக்கம் சாய, சாய்ந்த பக்கத்தை இவர் ராவ, அந்தப் பக்கம் தேயத் தேய வீட்டில் ரொட்டி மெல்லும்போது மொத்தச் சுமையும் வலது பக்கம் அந்தப் பீங்கான் தலையில் இறங்கியிருக்கிறது. உடையாமல் என்ன செய்யும்?

டாக்டர் திரும்பி வந்ததும் சொன்னாள். பதற்றப்படாமல், சிறுபிள்ளைக்குச் சொல்கிற மாதிரி நிதானமாகத்தான் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு அவளை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"தாடையை நகர்த்தறாராம்! உங்கப்பா பாய்லர் பார்த்தவரா, வித்தை காட்டறவரா? ஒரு நூல் இப்படி அப்படி நகர்ந்தா எனக்குத் தெரியாதா? நீ படிச்சது பி.காம்., அந்த மூக்கை இதுல நுழைக்காதே."

"கண்ணை மூடிக்கிட்டுக் கடிக்கச் சொல்லுங்க. ஒரே ஒரு தடவை."

"கண்ணை மூடிக்கிட்டுக் கடிக்கணுமா? எதுக்கு, சாமி வரவழைக்கவா? மாமா, நீங்க நல்லாத் திரையைப் பார்த்துக் கடிங்க."

பாய்லர்காரர் நன்றாகப் பார்த்துக் கடித்தார். டாக்டர் பெண்டாட்டியைப் பார்த்த பார்வையில் அப்படியொரு வெற்றி. அவளும் அவரைப் பார்த்தாள். இந்த மனிதரோடு இத்தனை வருஷம் எப்படிக் குடித்தனம் பண்ணினோம் என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம், "நீங்க மேடைக்கு வர வேண்டாம், காய்ச்சல்னு சொல்லிடுங்க" என்றாள். "பாவம், மாப்பிள்ளை ஆசையாக் கேட்டுட்டார் பாப்பா. விடு, கொஞ்ச நேரம்தானே" என்றார் அவர். இடது கன்னத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டுதான் அதையும் சொன்னார்.

கூட்டம் நடந்த மண்டபத்தில் ஏசி உறுமியது. ஊரிலுள்ள பல் டாக்டர்கள் எல்லாரும் மத்தியானச் சாப்பாட்டு மயக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் நாற்காலி, அதற்குப் பின்னால் சுவர் முழுக்க வெள்ளைத் திரை, படம் அதில் பெரிதாக விழும். நாற்காலிக்கு எதிரே ஒரு தாங்கியில் சின்னத் திரை, வழக்கம்போல் நோயாளி பார்ப்பதற்கு. பாய்லர்காரர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தார். டாக்டர் சட்டையில் மைக்கைக் குத்திக்கொண்டு முழங்கினார். நோயாளியின் வார்த்தை நம்பத்தகாதது என்றார். மையும் தாளும் ஒழிய வேண்டும் என்றார். முதல் கடி பொய், மூன்றாவது கடி நிஜம் என்ற தன் கண்டுபிடிப்பை அறிவித்தார். முன்வரிசையில் சங்கத் தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் பேசி முடிப்பதற்குள் டாக்டரம்மா செய்ய வேண்டியதைச் செய்துவிட்டாள். சின்னத் திரையின் திருகைத் தளர்த்தி, அதை அப்படியே முன்வரிசைப் பக்கமாகத் திருப்பி, திருகை இறுக்கினாள். நன்றாகவே இறுக்கினாள். "ஐயா, உங்களுக்குக் கிட்டத்துல தெரியட்டும்" என்றாள் தலைவரிடம்.

"அடடா, நல்ல யோசனைம்மா. பின்னாடி இருக்கறது எனக்குத் தெரியவே இல்லை" என்றார் அவர். டாக்டர் திரும்பிப் பார்த்தார். பார்த்து என்ன செய்வது? தலைவரிடமிருந்து பிடுங்கவா முடியும்? பல்லைக் காட்டிச் சிரித்துவைத்தார்.

"கடிங்க மாமா."

சுவரில் வலது பக்கம் ஒரு சிவப்புக் கோபுரம் எழும்பி நின்றது. ஆள் உயரம் இருக்கும். இடது பக்கம் ஒரு நீலப்பொட்டு. எண்கள் எழுபத்தெட்டும் இருபத்திரண்டும்.

"நான் சொன்னேன் இல்லையா, முதல் கடி இப்படித்தான் வரும்" என்றார் டாக்டர் கூட்டத்தைப் பார்த்து. இரண்டாவது கடி. அதே கோபுரம். மூன்றாவது கடியில் எழுபத்தெட்டு எண்பதானது. பாய்லர்காரர் நாற்காலியில் இப்படியும் அப்படியும் கழுத்தைத் திருப்பித் தவித்தார். பின்னால் திரும்பினால் வாயில் இருந்த வயர் இழுத்தது. டாக்டர் பட்டையை மாற்றினார். வேறு பட்டையிலும் அதே கோபுரம். அவர் நெற்றியில் வியர்வை துளிர்த்தது, ஏசி இருந்தும்.

தலைவர் எழுந்து மேடையருகே வந்தார். "டாக்டர், இடது பக்கத்தை ராவப்போறேன்னுதானே சொன்னீங்க? இடது பக்கம் தொடவே இல்லையே. இன்னும் ராவினா ஈறுதான் மிஞ்சும்."

பின்வரிசையில் ஒருத்தர் களுக்கென்று சிரித்தார். டாக்டர் மாமனார் காதருகே குனிந்து, "மாமா, மானத்தை வாங்காதீங்க, ஒழுங்காக் கடிங்க" என்று சீறினார். சட்டையில் குத்தியிருந்த மைக் அதை மண்டபம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

பாய்லர்காரர் பட்டையை வாயிலிருந்து எடுத்தார். "மாப்பிள்ளை, அந்தப் பொட்டிய இந்தப் பக்கம் திருப்புங்க. கண்ணுல பட்டாத்தானே நான் சரிபண்ண முடியும்?"

 தலைவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "பெரியவரே, எப்பவும் அதைப் பார்த்துத்தான் கடிப்பீங்களா?"

"ஆமாங்க. சிவப்பு ஏறினா தாடையை இப்படிக் கொஞ்சம் தள்ளுவேன், இறங்கிடும். ரெண்டு மூணு தடவையில பிடிபட்டுடும்."

"சரி, வீட்டுல சாப்பிடறப்போ?"

"தட்டுல மீட்டர் இல்லீங்களே."

சிரிப்பு எங்கிருந்து கிளம்பியது என்று சொல்ல முடியாது, மண்டபமே குலுங்கியது. சாப்பாட்டு மயக்கத்தில் இருந்தவர்களெல்லாம் விழித்துக்கொண்டு, பக்கத்திலிருப்பவரிடம் என்ன என்ன என்று கேட்டு, கேட்டவர்களும் சிரித்தார்கள். டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. பாய்லர்காரரின் வாயைத் திறந்து டார்ச் அடித்து இடது பக்கத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "மெஷின் நல்ல மெஷின்தான் டாக்டர்" என்றார் நிமிர்ந்து. "நீங்க வாயைப் பார்த்திருக்கலாம்." ராவுவதற்கென்று எடுத்துவைத்திருந்த டிரில்லை டாக்டர் தள்ளி வைத்துவிட்டார். அவளுக்கு அது போதும்.

திரும்பி வரும்போது காரில் அவள் முன்சீட்டில், பாய்லர்காரர் பின்சீட்டில். சாயங்கால நெரிசலைத் தாண்டிப் பெரிய ரோட்டுக்கு வந்ததும் டாக்டர் வெடித்தார்.

"திட்டம் போட்டுப் பண்ணிட்டே. ஊருக்கு முன்னாடி என்னை அசிங்கப்படுத்தணும், அதானே?"

"ஆமா, திட்டம் போட்டுத்தான் பண்ணினேன். வாயால சொன்னேன், காதுல விழல. உங்களுக்குத்தான் எல்லாத்தையும் திரையில பார்த்தாத்தான் நம்பிக்கை. பார்த்தீங்க இல்ல?"

"உங்கப்பா என்னை ஏமாத்தியிருக்கார்! அதைக் கேக்கமாட்டே."

"பாப்பா, அவரைத் திட்டாதே" என்றார் பின்சீட்டிலிருந்து பாய்லர்காரர். "தப்பு என் மேலதான். நான்தான் தாடையைத் தள்ளினேன்."

"உங்களுக்குப் பழக்கதோஷம்ப்பா. சிவப்பைப் பார்த்தா சும்மா இருக்க முடியாது. அது தெரியாத டாக்டர் என்ன டாக்டர்?"

"பழக்கம் மட்டும் இல்லை பாப்பா." அவர் இடது கன்னத்தைத் தடவிக்கொண்டார். "முதல் நாள் சிவப்பு வந்துச்சு பாரு, மாப்பிள்ளை உன்னைத்தான் கத்தினார், பட்டையை ஒழுங்கா செருகலேன்னு. வெளியில ரெண்டு பேர் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. நீ தலையைக் குனிஞ்சுக்கிட்டே. கொஞ்சம் தள்ளிப் பார்த்தேன், இறங்குச்சு. பச்சை வந்ததும் சிரிச்சுட்டார். சரி, பச்சை வந்தா வீடு அமைதியா இருக்கும்னு வச்சுக்கிட்டேன்."

அவளால் திரும்பிப் பார்க்க முடியவில்லை.  "ராவறப்போ வலிச்சுதே அப்பா? கூசுச்சே?" என்றாள்.

"வலிச்சுது. வலிக்காம என்ன? அதுக்கு என்ன பண்றது. சிவப்புல விட்டா உனக்குத்தானே சூடு."

டாக்டர் ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். கார் வேகமெடுத்தது. பாய்லர்காரர் வழக்கம்போல் கழுத்தை நீட்டினார். "மாப்பிள்ளை, முள்ளு ஏறுது."

"ஏறட்டும்ப்பா" என்றாள் அவள். "இனிமே நீங்க எதையும் இறக்க வேண்டாம்." அப்புறம் புருஷன் பக்கம் திரும்பினாள். "வண்டியை ஓரங்கட்டுங்க."

அவர் ஓரங்கட்டினார். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. அவள் இறங்கிப் பின்கதவைத் திறந்து அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். நாளைக்குத் தலைவரிடம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகப்போகிறேன் என்றாள். இடது பக்கம் இனி வளரப்போவதில்லை, இருக்கிறதையாவது மூடிக் காப்பாற்ற முடியுமா என்று கேட்கப்போகிறேன் என்றாள். அனுமதி கேட்கிற குரலில் சொல்லவில்லை.

"நான் இருக்கறப்போ இன்னொருத்தன்கிட்டயா?" என்றார் டாக்டர் கண்ணாடியில் பார்த்து. குரலில் பழைய சூடு இல்லை. அதைத் தேடிப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"நீங்க முன்னாடி பார்த்து ஓட்டுங்க" என்றாள் அவள்.

அவர் ஓட்டினார். அப்பா மடியில் கிடந்த கையை அவள் எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். அவர் கண்கள் அப்போதும் முன்சீட்டுக்கு நடுவே தெரிந்த வேகமானியில்தான் இருந்தன. அவள் இன்னொரு கையால் அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.